தினமும் அரை மணி நேரம் மிதித்தால் என்ன குறையும்?

சைக்கிள் ஓட்டினால் எடை குறையுமா என்று கேட்டால், குறையும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு குறையும், எத்தனை மாதத்தில் குறையும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் புத்தாண்டுக்கு ஆசையாக வாங்கிய சைக்கிள், மாசி பிறப்பதற்குள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓட்டியவருக்குச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. நடக்காத ஒன்றை எதிர்பார்த்துத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

80 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மேடு பள்ளமில்லாத சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுகிறார். இது பந்தய வேகமில்லை. காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறவர்கூடக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வந்துவிடும் வேகம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு சக்தி அப்போது செலவாகிறது. உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டால், அந்த அரை மணி நேரத்தின் நிகர லாபம் சுமார் 200 கலோரி. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டினால் ஆயிரம். உடம்பில் படிந்த கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். சாப்பாடு ஒரு பிடிகூடக் கூடாமல் பழையபடியே இருந்தால் ஒரு கிலோ குறைய ஏழெட்டு வாரம் ஆகும். ஆறு மாதத்தில் மூன்று, மூன்றரை கிலோ.

"பத்து நாளில் ஐந்து கிலோ" விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அற்பமாகத் தெரியும். ஆனால் நம்மில் பலருக்கு எடை ஏறியதும் இப்படித்தான். முப்பது வயதுக்குப் பிறகு வருஷத்துக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று ஏறி, ஒருநாள் பழைய பேன்ட் மாட்ட முடியாமல் போகும்போதுதான் தெரிகிறது. ஐந்தாறு வருஷத்தில் ஏறியதை ஆறு மாதத்தில் இறக்க முடியும் என்றால் அது நல்ல வேகம் என்றே நான் சொல்வேன்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒரு தடவை ஓட்டுவதால் கிடைப்பது சிறிய தொகை. அது அடிக்கடி சேர்ந்தால்தான் பலன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆறு நாள் காரில் போகிறவரைவிட, தினமும் மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்குமாக எட்டு கிலோமீட்டர் மிதிக்கிறவருக்கு வாரக் கடைசியில் கணக்கில் கூடுதலாகவே இருக்கும். கலோரியைத் தாண்டி வேறு பலன்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

உடம்புக்குள் முதலில் மாறுவது

முதல் இரண்டு வாரத்தில் எடை பார்க்கும் மெஷினில் ஒன்றும் நடக்காது. சிலருக்கு ஒரு கிலோ ஏறக்கூடச் செய்யும். பயப்பட வேண்டாம். வேலை கொடுத்ததும் தசைகள் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் முன்பைவிட அதிகமாகச் சேமிக்கத் தொடங்குகின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறிய எடை அந்தத் தண்ணீர்தான்.

அதே இரண்டு வாரத்தில் உள்ளே வேறு வேலைகள் மளமளவென்று நடக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ள முடிகிறது. அதே வேலைக்குக் குறைவாகத் துடித்தால் போதும் என்ற நிலை வருகிறது. முதல் நாள் மேம்பாலத்தில் பாதியில் இறங்கித் தள்ளியவர் மூன்றாவது வாரத்தில் மேலே வரை மிதித்து ஏறிவிடுவதற்கு இதுதான் காரணம். பிறகு, மாதக்கணக்கில், தொடைத் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. அடுப்புகள் கூடிய சமையலறையைப்போல, அதே தசை முன்பைவிட அதிகம் எரிக்கும் திறனைப் பெறுகிறது.

நம் ஊருக்கு இதில் மிக முக்கியமான சங்கதி சர்க்கரை. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. புதுச்சேரியில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய். இந்த நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் தசைக்குள் போக வேண்டிய சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. மிதிக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவிக்குக் காத்திராமல் தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஓட்டி முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை இன்சுலின் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடக்கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

எடை மெஷினை நம்பக் கூடாது என்றால், பின்னே எதைப் பார்ப்பது? ஒரு டெய்லர் டேப் போதும். தொப்புளையொட்டிய இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நமக்குக் கைகால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு. அந்தக் கொழுப்பில் ஆபத்தானது, தோலுக்கு அடியில் கையில் பிடிபடுவதைவிட, குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படிந்திருப்பது. மூச்சு வாங்கும்படியான பயிற்சியில் அந்த உள்கொழுப்பு குறையும், மொத்த எடை பெரிதாக மாறாவிட்டாலும்கூட. மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். எடையையும் பாருங்கள், ஆனால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

சைக்கிளுக்கென்று உள்ள ஆய்வுகளில் இரண்டைச் சொல்லலாம். பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள் வேறு வகைகளிலும் ஆரோக்கியமாக வாழ்பவர்களாக இருக்கலாம். ஆகவே முழுப் பெருமையையும் சைக்கிளுக்கே கொடுத்துவிட முடியாது. அமெரிக்காவில் 18,000-க்கும் அதிகமான நர்ஸ்களை 1989 முதல் 2005 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சைக்கிள் ஓட்டும் நேரத்தைக் கூட்டிக்கொண்ட பெண்களுக்கு எடை ஏறுவது குறைந்தது. வேகமாக நடந்தவர்களுக்கும் குறைந்தது. மெதுவாக நடந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பார்க்கில் பேசிக்கொண்டே நாலு சுற்று நடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சைக்கிளில் ஒரு சௌகரியம், மிகவும் மெதுவாக ஓட்டினால் வண்டி ஆடும். ஓரளவு வேகத்தில் போனால்தான் நேராக நிற்கும்.

எடை கூடியவர்களுக்கு நடையைவிடச் சைக்கிளை நான் சிபாரிசு செய்வதற்கு முழங்காலும் ஒரு காரணம். நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முழு எடையும் மூட்டில் இறங்குகிறது. சைக்கிளில் அந்த எடையைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. முழங்காலுக்கு அதிர்ச்சியில்லாத சுழற்சி மட்டும் மிச்சம். 95 கிலோ உள்ளவர் ஓடினால் வலிக்கும், ஆனால் ஓட்டலாம்.

சீட்டு உயரமும் சைக்கிள் கடையும்

புது வண்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டில் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தால், பிளஸ் ஒன்னில் வாங்கிய சைக்கிள் ஒன்று பல வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறது. பிள்ளை வேலைக்குப் போய்விட்டிருக்கும், வண்டி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோய் ஓவராயில் செய்யச் சொல்லுங்கள்.

கடைக்காரர் வேலை செய்வதைக் கூடவே நின்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிடுவார். அவர் கண் சக்கரத்தில் இருக்காது. ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இருக்கும். சுழலும்போது ஓரிடத்தில் மட்டும் இடுக்கு குறைந்து "ஸ்ஸ்" என்று உரசும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியைக் கால் திருப்பு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருப்பு முறுக்கி, மறுபடி சுழலவிடுவார். கோட்டம் எடுப்பது என்று இதற்குப் பெயர். நாலைந்து தடவையில் உரசல் நின்றுவிடும். அந்த உரசலோடு ஓட்டுகிறவர், காற்றுக் குறைந்த டயரோடு ஓட்டுகிறவர், எண்ணெய் காணாத செயினோடு ஓட்டுகிறவர் எல்லாரும் தங்களுக்குத் தெம்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

அடுத்தது சீட்டு. நம் ஊரில் பத்துப் பேர் சைக்கிளில் போனால் பெரும்பாலானோரின் சீட்டு தாழ்வாகத்தான் இருக்கும். சிக்னலில் நின்றால் இரண்டு காலையும் ஊன்ற வேண்டும் என்பதற்காக இறக்கி வைத்திருப்பார்கள். முழங்கால் எப்போதும் மடங்கியே இருப்பதால் ஒரு மாதத்தில் மூட்டின் முன்பக்கம் வலிக்கும். "சைக்கிள் எனக்கு ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடுவார்கள்.

சரிசெய்வது சுலபம். சைக்கிளைச் சுவரோரமாக நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே கடைசிவரை கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். எட்டுவதற்காக இடுப்பு அந்தப் பக்கம் சாயக் கூடாது. ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் முன்பாதத்தைத்தான் பெடலில் வைப்போம். அப்போது முழங்காலில் லேசான மடிப்பு வரும். அவ்வளவு மடிப்புதான் வேண்டும். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் சீட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு விரல்கடை இறக்குங்கள். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் உயரம் பயமுறுத்தாது. சீட்டின் மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருக்கக் கூடாது. தொடை இடுக்கில் மரத்துப்போனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று நாலு மிதி மிதிப்பதும் நல்லது. மெத்தென்ற பெரிய சீட்டு கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். தூரம் போகும்போது அதுவே உரசும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரும் யானைக்கால் டயரும் வைத்த வண்டி தார்ச்சாலைக்குத் தேவையில்லை. மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். கியர் வைத்த சாதாரண ஹைபிரிட் போதும். பின்னால் ஏழெட்டு கியர் இருக்கிறதா என்பதைவிட வண்டியின் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு: மிதமான உடலுழைப்பு என்றால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், கடுமையானது என்றால் அதில் பாதி. மிதமானது எது என்று கண்டுபிடிக்க வாட்ச் வேண்டாம். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தலாம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையானது. ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பைப் பார்த்துக் கணிப்பது தப்பாகவே வரும். அவர்களுக்கும் இந்தப் பேச்சுச் சோதனைதான் நம்பகமானது.

முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தெம்பு இருந்தாலும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களும் உட்காரும் இடமும் மெதுவாகத்தான் பழகும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போனால், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்போது அரை மணி நேரம் சாதாரணமாகிவிடும். பெடலை அழுத்தி மெதுவாகச் சுற்றுவதைவிட, இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுவது முழங்காலுக்கு நல்லது. நிமிஷத்துக்கு அறுபது, எழுபது சுற்று வந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து உடம்பு பழகிவிடும். அதே தூரம், அதே வேகம் என்றால் முன்னேற்றம் நிற்கும். அப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பத்து நிமிஷம் சாதாரணமாக ஓட்டி உடம்பைச் சூடாக்கிய பிறகு, ஒரு நிமிஷம் நன்றாக அழுத்தி மிதித்து, மூன்று நிமிஷம் ஆற விடுங்கள். இப்படி நாலைந்து தடவை. சென்னையைப்போலத் தட்டையான ஊர்களில் மலைக்கு எங்கே போவது? மேம்பாலம் இருக்கிறதே, விடியற்காலையில் லாரி குறைவாக இருக்கும்போது ஏறி இறங்கலாம். மற்ற நாட்களில் மிதமாகவே ஓட்டுங்கள். தினமும் உயிரைக் கொடுத்து மிதிக்கிறவர் சீக்கிரம் நின்றுவிடுகிறார்.

தினமும் ஓட்ட நேரம் ஏது என்பார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான விடை, உடற்பயிற்சிக்கென்று தனி நேரம் தேடாமல், எப்படியும் போக வேண்டிய இடத்துக்குச் சைக்கிளில் போவது. கோபன்ஹேகனில் எடை கூடிய, பயிற்சிப் பழக்கமில்லாதவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை வேலைக்குச் சைக்கிளில் போகவும் மற்றவர்களை ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்யவும் வைத்து ஆறு மாதம் பார்த்தார்கள். சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கும் கொழுப்பு குறைந்தது. ஆபீஸ் ஐந்து கிலோமீட்டர் என்றால் சைக்கிளில் இருபது, இருபத்தைந்து நிமிஷம். நெரிசல் நேரத்தில் ஸ்கூட்டருக்கும் ஏறக்குறைய அதேதான் ஆகிறது. வியர்வைதான் கவலை என்றால், போகும்போது மெதுவாக ஓட்டுங்கள், திரும்பும்போது அழுத்துங்கள். ஒரு துண்டும் ஒரு சட்டையும் பையில் இருக்கட்டும். பதினைந்து கிலோமீட்டர் தூரம் என்றால் ரயில்வே ஸ்டேஷன்வரை சைக்கிள், பிறகு மின்ரயில். அதுவும் முடியாதவர்கள் பால், காய்கறி, மருந்துக்கடை, கோவில், பிள்ளையின் டியூஷன் என்று இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சைக்கிளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மிதித்தால் மோட்டார் உதவுகிற மின்சார சைக்கிளும் கணக்கில் சேரும். உழைப்பு கொஞ்சம் குறையும், ஆனால் வயதானவர்களுக்கும் தூரம் அதிகமுள்ளவர்களுக்கும் அது நல்ல வழி.

தட்டில் என்ன இருக்கிறது

200 கலோரி என்றோமே, அதை வாயால் ஈடுகட்ட ஐந்து நிமிஷம் போதும். ஒரு மெதுவடை நூறிலிருந்து நூற்றைம்பது கலோரி. சர்க்கரை போட்ட ஒரு டீ எண்பது. இரண்டு வடையும் ஒரு டீயும் ஆனால் அன்றைய மிதிப்பு அதோடு சரி. ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குழுவாக ஓட்டிவிட்டு நெய்ப் பொங்கல், வடை, பூரி என்று உட்காருகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அந்தத் தோழமைதான் அவர்களை வாராவாரம் எழுப்பி வருகிறது என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாரம் ஒருநாள் அப்படி இருக்கட்டும். மற்ற நாட்களில் "இன்றைக்கு ஓட்டியிருக்கிறேனே" என்ற எண்ணம் கையை இன்னொரு கரண்டிக்கு நீட்ட வைக்கும். எடை குறையாததற்குப் பெரும்பாலும் அந்தக் கரண்டிதான் காரணம்.

பட்டினி கிடக்க வேண்டாம். சாப்பிடாமல் மட்டுமே எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. ஓட்டுவதன் பெரிய லாபமே தசையைக் காப்பதுதான், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. டீ, காபியில் சர்க்கரையைப் பாதியாக்குவது, ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலையும் கூட்டையும் கூட்டுவது, நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், தினமும் முட்டையோ மீனோ பயறோ தயிரோ தட்டில் இருப்பது ஆகிய இவ்வளவுதான் தேவை. இதனால் நாளைக்கு இருநூறு முந்நூறு கலோரி குறையும். சைக்கிளின் இருநூறோடு இது சேரும்போது ஆறு மாதத்து மூன்று கிலோ, கணக்குப்படி இரண்டு மடங்குக்கும் மேலாகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். பாட்டிலில் விற்கும் எனர்ஜி டிரிங்க் எல்லாம் சர்க்கரைத் தண்ணீர். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் குடியுங்கள்.

சைக்கிளில் கிடைக்காததும் ஒன்று உண்டு. எடையைச் சீட்டு தாங்குவதால் எலும்புக்கு வேலை குறைவு. எலும்பு உறுதியாக இருக்க அதன்மேல் பாரம் விழ வேண்டும். அதனால் வாரம் இரண்டு நாள் படியேறுவது, உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கட்டாயம்.

பெண்களும் சாலையும்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், கிராம நர்ஸ்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகினார்கள். எடை குறைக்க அல்ல. பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல், யாரையும் கேட்காமல் போய்வர. பலர் அதுவரை சைக்கிளைத் தொட்டதே இல்லை.

இன்றைக்கு அந்தப் பெண்களின் பேத்திகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறார்கள், பிளஸ் டூ முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் தைராய்டு, சர்க்கரை, முழங்கால் வலி என்று டாக்டரிடம் போகும்போது "ஏதாவது எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா" என்ற அறிவுரை கிடைக்கிறது. ஓட்டத் தெரிந்த கால் அவர்களுக்கு இருக்கிறது. ஓட்ட விடாத சாலையும் பேசும் வாயும்தான் குறுக்கே நிற்கின்றன. வீட்டிலுள்ள ஆண்கள் காலைச் சமையலில் அரை மணி நேரத்தை ஏற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்குச் சாலையில் இடம் வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. அந்தக் கொள்கை ஒவ்வொரு வார்டிலும் தார்ச்சாலையில் கோடாக இறங்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, கவுன்சிலரிடம் கேளுங்கள்.

அதுவரை நம் பாதுகாப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, வெளிர்நிறச் சட்டை. நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள், கதவு திறக்கும். ஒரு கதவளவு தள்ளியே போங்கள். பெரிய சாலைக்கு இணையாக ஒரு தெரு எப்போதும் இருக்கும். அரை கிலோமீட்டர் சுற்றானாலும் அதில் போங்கள், புகையும் குறைவு. நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலான நாய்கள் ஆர்வமிழந்துவிடும்.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்

ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், நாற்பது வயதைத் தாண்டிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களும் தொடங்குமுன் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வாயுத்தொல்லை என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள்; ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓட்டும்போதோ, பல மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி இவை அறிகுறிகள். சட்டைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு மிதிக்காமல் மூடிய ஷூ போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள் அழுத்தி மிதிப்பதற்கு முன் கண் டாக்டரைக் கேட்க வேண்டும்.

கத்திரி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். தலைசுற்றல், குமட்டல், குழப்பம் வந்தால் நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். உடனே தெளியாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு சிக்கல். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது. பழைய மாடல் வண்டிகளில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். தண்ணீர் தேங்கிய தெருவில் பள்ளமும் திறந்த சாக்கடையும் தெரியாது. அந்த நாட்களில் வெளியே எடுக்கவே வேண்டாம். வீட்டில் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் அது, இல்லாவிட்டால் மாடிப்படி. எதுவானாலும் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் முழுக்க நின்றுவிட்டால் கூடிய திறன் இறங்கத் தொடங்கும். மழை விட்டு மறுபடி எடுக்கும்போது செயினில் துரு, பிரேக் கட்டையில் மண், டயரில் காற்று மூன்றையும் பார்த்துவிட்டு, முதல் வாரம் விட்ட தூரத்தில் பாதி மட்டும் ஓட்டுங்கள். அடுத்த வாரம் முழுத் தூரம் போகலாம்.